ஐம்பது ஓட்டும் ஒரு காலண்டர் தாளும்

2024 ஏப்ரல் 19, காலை ஐந்து இருபது. வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை பாதியில் விட்ட பின்னக் கணக்கு அப்படியே இருந்தது. முந்தைய நாள் மாலை வந்து இறங்கிய ஓட்டு மிஷின் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தோம். கொசு தூங்க விடவில்லை. நான் அந்த வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர். பணி ஓய்வுக்கு முன் எனக்கு வந்த கடைசித் தேர்தல் டியூட்டி அது.

மிஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்குத் தொடங்க வேண்டும். கட்சி முகவர்கள் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். இல்லையென்றால் கால் மணி நேரம் பார்த்துவிட்டு நாங்களே நடத்திக்கொள்ளலாம் என்பது விதி. இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். ஒருவர் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. இன்னொருவர் ஆட்டோ ஓட்டுபவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தினசரிக் காலண்டர் தாளும் ஒரு பென்சிலும்.

நான் தேர்தல் துறைக்காரன் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பொதுத்துறை வங்கியில் வேலை, அதில் பாதிக்கு மேல் உள்தணிக்கைப் பிரிவில். கிளை கிளையாகப் போய், யார் யாரை நம்பி எதைச் சரிபார்க்காமல் விட்டார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அதனால் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால்கூட யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “சார், ஓட்டு மிஷினை ஹேக் பண்ண முடியுமா, முடியாதா?”

இந்தக் கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கிளையில் பணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனால், “காசாளர் நல்லவரா?” என்று யாரும் விசாரிப்பதில்லை. நல்லவராகவே இருக்கட்டும். கல்லாவில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா? பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டும் வேறு வேறு ஆளிடம் இருக்கிறதா? காசாளரின் குணத்தைச் சாராத ஏற்பாடு இருந்தால்தான் அவரையே நிம்மதியாக வீட்டுக்கு அனுப்ப முடியும்.

இருந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. நம் இயந்திரத்தை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத் இ.சி.ஐ.எல்லும் செய்கின்றன. (எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது இதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியும்.) இணையம், வைஃபை, புளூடூத் எதுவும் அதில் கிடையாது. ஆகவே எங்கோ உட்கார்ந்து பட்டனைத் தட்டி மாற்றிவிடலாம் என்பது கதை. ஆனால் 2010-ல் ஹரி பிரசாத், ஹால்டர்மன், கோங்கிரைப் ஆகிய கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் குழு ஒரு பழைய மாடல் இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் டிஸ்ப்ளேயை மாற்றிப் பொய் எண்ணிக்கை காட்ட முடியும் என்று நிரூபித்தது. ஆக, மிஷின் தப்பான ஆள் கைக்குப் போனால் ஆபத்து உண்டு. அது யார் கையில், எவ்வளவு நேரம், யார் கண் முன்னால் இருந்தது என்பதுதான் விஷயம். எங்கள் பாஷையில் சொன்னால் ‘கஸ்டடி’.

சரி, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும், நோட்டாவுக்கும், ஒன்றாவது விழ வேண்டும். ஆட்டோக்காரர் காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசை எண் போட்டு, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு கோடு இழுத்தார். முடிந்ததும் குளோஸ், ரிசல்ட். கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு எண்ணாகக் காட்ட, அவர் தன் கோடுகளோடு ஒப்பிட்டார். அப்புறம், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியைத் திறந்து சீட்டுகளையும் எண்ணினோம். மூன்றும் ஒத்துவந்தன. பிறகு கிளியர் அமுக்கி, மொத்தம் பூஜ்யம் என்று காட்டி, விவிபேட் காலி என்று காட்டி, மாதிரிச் சீட்டுகளைக் கறுப்பு உறைக்குள் போட்டு அரக்கு வைத்தோம். இந்த குளோஸ், ரிசல்ட், கிளியர் மூன்றையும் சேர்த்து ‘சிஆர்சி’ என்போம். பயிற்சி வகுப்பில் இதைத்தான் பத்துத் தடவை சொல்வார்கள். காரணம் உண்டு. கிளியர் செய்ய மறந்தால் மாதிரி ஓட்டும் நிஜ ஓட்டும் கலந்துவிடும். அன்று மாலை முழுக்க நாடே அந்த பூத்தைப் பற்றிப் பேசும்.

அப்புறம் சீல். ரிசல்ட் பட்டன் இருக்கும் பகுதியை மூடிப் பச்சைத்தாள் முத்திரை வைக்க வேண்டும். அதில் அச்சிட்ட வரிசை எண் இருக்கும். முகவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். முதலாமவர் நான் நீட்டிய இடத்திலெல்லாம் கொட்டாவியோடு போட்டுக் கொடுத்தார். ஆட்டோக்காரர் போடவில்லை. முத்திரையை வெளிச்சத்தில் திருப்பி எண்ணை வாய்விட்டுப் படித்து, காலண்டர் தாளில் எழுதி, என்னையும் சரிபார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

“எதுக்கு இவ்வளவு?” என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

“சார், நான் கந்து வட்டிக்கு வாங்கி வண்டி எடுத்தவன். எழுதி வச்சுக்கலைன்னா தொலைஞ்சோம்.”

என் பிரிவில் பயிற்சிக்கு வந்த பட்டதாரிகள் பலருக்கு நான் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தும் ஏறாத பாடம் அது.

அன்று இரவு என் சொந்தத் தப்பு ஒன்றும் வெளியே வந்தது. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து, டோட்டல் அமுக்கினால் மெஷினில் 642. வாக்காளர் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் 643. ஒரு ஓட்டு. நேரமாகிறதே என்று மற்ற அலுவலர்கள் என்னை முறைத்தார்கள். நான் அசையவில்லை. வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் பெட்டகம் மூடாது. பக்கம் பக்கமாகப் புரட்டி முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் என் பாக்கெட்டிலிருந்தே வந்தது அந்தத் துண்டுச் சீட்டு. மதியம் ஒரு பாட்டியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, தலைசுற்றி, ஓட்டுப் போடாமலேயே மகன் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பதிவேட்டில் ‘வாக்களிக்கவில்லை’ என்று எழுத வேண்டியவன், துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மறந்துவிட்டேன். குறிப்பை ஏற்றி, குளோஸ் அமுக்கி, படிவம் 17சி-யை நிரப்பி, முகவர்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன்.

இந்த 17சி-யைப் பற்றி ஊரில் நூறு பேரைக் கேட்டால் ஐந்து பேருக்குத் தெரிந்தால் பெரிது. மெஷினின் எண், முத்திரைகளின் எண், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். எண்ணும் நாளில் அதே மெஷின்தானா, அதே எண்ணிக்கைதானா என்று பார்க்க வேட்பாளர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு பூத்தில் முகவர்கள் நிற்பதே அபூர்வம். நகலை வாங்காமலேயே போய்விடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துத் தோற்றதும், “மெஷின்ல ஏதோ பண்ணிட்டான்” என்பார்கள். கட்சிக்காரர்கள் மேல் எனக்கு உள்ள கோபம் இதுதான்.

தேர்தல் ஆணையத்தின் மேலும் கோபம் உண்டு. அதே ஏப்ரல் 19 மாலை, தமிழ்நாட்டில் 72.09 விழுக்காடு வாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். நள்ளிரவில் அது 69.46 ஆனது. மாலையில் 67 விழுக்காட்டுக்கு மேல் என்று சொன்ன தென்சென்னை 54-க்கு இறங்கியது. எல்லா பூத்துகளிலிருந்தும் கணக்கு வருவதற்குள் மதிப்பீட்டை வைத்து முந்திக்கொண்டதால் வந்த குழப்பம். மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் டீக்கடையில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? 13 விழுக்காடு ஒரே ராத்திரியில் காணாமல் போனால் யாருக்கும் சந்தேகம் வரும். பூத்வாரியாக 17சி கணக்கை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது. அதைக் கேட்டு உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது இடைக்கால உத்தரவு போட முடியாது என்று 2024 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2021-ல் வேளச்சேரியில் நடந்ததும் இந்த ரகம்தான். ஏப்ரல் 6 அன்று இரவு இருசக்கர வாகனத்தில் கருவிகளைக் கொண்டுபோனவர்களைப் பொதுமக்களே மறித்தார்கள். ஏப்ரல் 17 அன்று அந்த ஒரு பூத்துக்கு மறுவாக்குப்பதிவு நடந்தது. கருவிக்குள் யாரும் கை வைத்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் கஸ்டடி உடைந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்டகச் சாவியை மேசை மேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போன மேலாளரிடம், “பணம் சரியாத்தானே இருக்கு சார்” என்ற பதிலை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

இனி விவிபேட். இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் எட்டுத் தொகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் மத்திய சென்னையும் ஒன்று. 2019-லிருந்து எல்லா பூத்திலும் இருக்கிறது. நீங்கள் அமுக்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி சீட்டு தெரியும், பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். பெரும்பாலானோர் பட்டனை அமுக்கியதும் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஏழு நொடி நின்று பாருங்கள். சீட்டில் வேறு பெயர் வந்தால் அங்கேயே சொல்லுங்கள். எழுத்துமூலம் வாங்கிக்கொண்டு உங்களைச் சோதனை ஓட்டுப் போடச் சொல்ல வேண்டியது அலுவலரின் கடமை. பொய் என்று தெரிந்தால் ஆறு மாதம் வரை சிறை என்று ஒரு பயமுறுத்தலும் கூடவே இருக்கிறது. இது தேவையில்லாதது என்பது என் கருத்து. வங்கியில் பாஸ்புக் தப்பு என்று புகார் சொல்ல வந்தவரை போலீசைக் காட்டியா மிரட்டுவோம்?

சீட்டு விழுகிறது, சரி. எண்ணுகிறார்களா? 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கலில் ஐந்து பூத். எண்ணிய வரையில் ஓட்டு ஒருவருக்கும் சீட்டு இன்னொருவருக்கும் என்று வந்ததில்லை என்பது ஆணையத்தின் வாதம். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால், அவர்கள் செலவில், ஐந்து விழுக்காடு மெஷின்களின் சிப்பைப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டது.

ஐந்து என்பது தணிக்கைக்காரன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு தொகுதியில் 250 பூத், அதில் ஐந்து மெஷினில் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடி ஐந்தை எடுத்தால், கோளாறானது ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். கோளாறு 25 மெஷினில் என்றாலும் நூற்றுக்கு 41. 2021-ல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. அதே தேர்தலில் கொளத்தூரில் 70,000-க்கு மேல். இரண்டுக்கும் ஐந்தே பூத். கொளத்தூரில் ஐந்துகூட வேண்டாம். தியாகராய நகரில் ஐம்பது எண்ணினாலும் எனக்குத் தூக்கம் வராது. கிளைத் தணிக்கையில் பெரிய நோட்டு முழுவதையும் எண்ணுவோம், சில்லறையில் மாதிரி எடுப்போம். மாதிரியில் ஒன்று இடித்தால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவோம். வித்தியாசம் குறைந்தால் மாதிரி கூட வேண்டும் என்ற அந்தச் சாதாரணக் கணக்கு நம் விதியில் இன்னும் ஏறவில்லை.

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் அங்கிருந்த மின்னணு இயந்திரத்தை ஏற்கவில்லை. தனி நிபுணத்துவம் இல்லாத சாதாரணக் குடிமகனும் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அவர்கள் காரணம். முறைகேடு நடந்ததாகச் சொல்லவில்லை. அதைப் படித்து, நாமும் பழையபடி வாக்குச் சீட்டுக்கே போய்விடலாம் என்கிறார்கள் சிலர். நான் சேர மாட்டேன். சீட்டுக் காலத்தில் பெட்டியில் மை ஊற்றியதையும், கட்டுக்கட்டாகக் குத்திப் போட்டதையும் நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மெஷின் இருக்கட்டும். சீட்டும் இருக்கிறது. அதை எண்ணுவதில் கஞ்சத்தனம் எதற்கு?

அந்த ஆண்டு ஜூலையில் பெரம்பூர் ரயில் நிலைய வாசலில் ஆட்டோ கேட்டுத் திரும்பினால், அதே காக்கிச் சட்டை. என்னை அடையாளம் கண்டுகொண்டார். வண்டியைக் கிளப்பும் முன் பர்ஸைத் திறந்து அந்தக் காலண்டர் தாளைக் காட்டினார். மடிப்பு நைந்து போயிருந்தது.

“ராணி மேரி காலேஜ்ல எண்ணும்போது எங்க ஆளுகிட்ட இதோட நகலைக் குடுத்து அனுப்பினேன் சார். சீல் நம்பர், மெஷின் நம்பர், 642, எல்லாம் அச்சு அசலா இருந்துச்சாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, தோத்துட்டோம்” என்று சொல்லி கியரைப் போட்டார்.