ஆயாம்மாவின் போன் டப்பாவில், மேடத்தின் போன் கையில்

குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க பிளே ஸ்கூல், கிரெச் என்று எங்கே போனாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: "இங்கே யாரெல்லாம் போன் வைத்துக்கொள்ளலாம்?" ஒரே கட்டிடத்துக்குள்ளேயே பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

சமீபத்தில் சென்னையில் ஒரு இடம். வாசலில் பிளாஸ்டிக் டப்பா. காலையில் வந்ததும் ஆயாம்மாக்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். மிஸ்களுக்கு விதிவிலக்கு, குழந்தை சாப்பிட்டதையும் தூங்கியதையும் அவர்கள்தான் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டுமாம். நடத்துகிற மேடமோ, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ரீல்ஸ் எடுத்தார். பின்னால் டயப்பர் மாற்றும் மூலை. அங்கே ஒரு குழந்தை.

"எங்க மேல மட்டும்தான் சந்தேகம், இல்லீங்களா?" என்றார் ஒரு ஆயாம்மா. அவர் மகனின் பள்ளியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால்கூட டப்பாதான் அடிக்கும். அலுவலக நம்பரைக் கொடுத்து வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2009-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு நர்சரி ஊழியர் தன் சொந்த மொபைலில் குழந்தைகளைத் தவறாகப் படம் எடுத்தது வெளியே வந்தது. அவர் பதவியில் பெரியவர் இல்லை. ஆனாலும் வயது, சுபாவம், நீண்ட நாள் அனுபவம் எல்லாம் சேர்ந்து, மற்றவர்கள் அவரைத் தட்டிக் கேட்க முடியாத நிலை இருந்ததாக அடுத்த ஆண்டு வந்த ஆய்வறிக்கை சொன்னது. ஆளைப் பார்த்து விதியைத் தளர்த்தினால் ஓட்டை விழுவது அங்கேதான்.

அதற்காக 'போனே கூடாது' என்பதும் எல்லா இடத்திலும் நடக்காது. அங்கன்வாடியில், குழந்தைகளின் ஊட்டச்சத்து விவரங்களுக்கான அரசின் போஷன் டிராக்கர் செயலியில் பதிவு செய்வதே வேலையின் ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையில் வந்த முன்மாதிரி விதிமுறை எனக்குப் பிடித்தது: குழந்தைகளைப் படம் எடுக்க மையம் கொடுத்த கருவி மட்டும்தான், பிள்ளைகளோடு வேலை செய்யும்போது படம் எடுக்கக்கூடிய சொந்தப் போன் கைவசம் இருக்கக்கூடாது. நம் ஊரில் ஒரு சாதாரண டேப்லெட் போதும். சொந்தப் போனில் எடுத்த படம், பேக்கப் ஆன் செய்திருந்தால் அந்த மிஸ்ஸின் கூகுள் கணக்குக்கே போய்விடும். அவர் வேலையை விட்டாலும் படம் அவரிடம்தான்.

பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கூட்டிப்போக வரும்போது வீடியோ கால் போட்டுக்கொண்டே வகுப்புக்குள் நுழைகிறார்கள்.

அட்மிஷனுக்குப் போகும்போது ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம் இல்லையா, அப்படியே இதையும் கேளுங்கள்: படம் எந்தப் போனில் எடுப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள், மேடத்துக்கும் அதே விதியா?