கியர் விழாத லாரி: கோளாறு எங்கே?

"அண்ணாச்சி, ரெண்டாவது கியர் விழ மாட்டேங்கு."

திருநெல்வேலி பைபாஸ் ஓரத்து லாரிப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விவரமான மெக்கானிக் இதைக் கேட்டதும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். "எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாத்தியளா?" என்று திருப்பிக் கேட்பார். பாதி நோய் அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். கியர் விழவில்லை என்றதும் பழைய வண்டிக்காரர்கள் பலரும் சந்தேகப்படுவது கியர் பாக்ஸைத்தான். ஆனால் கோளாறு பாக்ஸுக்கு வெளியே, எஞ்சினையும் பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளச்சிலோ, கியர் கம்பியைப் பாக்ஸோடு இணைக்கும் கியர் ராடிலோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாக்ஸை இறக்கினால் ஓட்டம் போகும், கூலி போகும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போவதுதான் சரியான வரிசை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கியர் கம்பியைத் தள்ளும்போது பல்சக்கரங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று மாட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கியர்களில் அப்படி நடப்பதில்லை. சக்கரங்கள் எப்போதும் ஜோடி ஜோடியாக மாட்டியபடியே சுற்றுகின்றன. மெயின் ஷாஃப்ட் என்ற தண்டின் மேல் இருக்கும் சக்கரம் அந்த ஷாஃப்ட்டோடு பிணையாமல் சும்மா சுழல்கிறது. நாம் நகர்த்துவது ஒரு வளையத்தை. ஸ்லீவ் எனப்படும் அந்த வளையம் சக்கரத்தின் பக்கத்துப் பற்களில் ஏறிப் பூட்டிக்கொண்டதும் சக்கரமும் ஷாஃப்ட்டும் ஒன்றாகிவிடும். கியர் விழுவது என்றால் இதுதான்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஸ்லீவ் ஒரு வேகத்திலும் சக்கரம் இன்னொரு வேகத்திலும் சுற்றினால் பல்லும் பல்லும் மோதிக் கறகறவென்று கத்தும். ஓடும் பேருந்தில் ஏறுபவர் கூடவே கொஞ்சம் ஓடி, அதன் வேகத்தைப் பிடித்துக்கொண்டு காலை வைப்பதைப் போல இங்கேயும் ஒருவர் ஓடியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையம். அது சக்கரத்தின் கூம்பான தோளில் உரசி வேகத்தைச் சமமாக்கும். சமமாகும் வரை ஸ்லீவை முன்னேற விடாது. இந்த ஏற்பாடு 1928-இல் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்பு டிரைவரே டபுள் கிளச் அடித்து, அதாவது நியூட்ரலுக்கு ஒரு முறை, அடுத்த கியருக்கு ஒரு முறை எனக் கிளச்சை இருமுறை மிதித்து, ஆக்சிலரேட்டரைத் தட்டி வேகத்தைச் சமப்படுத்த வேண்டியிருந்தது.

சிங்க்ரோ ரிங் சிறியது. கிளச் எஞ்சினைப் பாக்ஸிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டால்தான் அதனால் இந்த வேலையைச் செய்ய முடியும். கிளச் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் ஐடிலில் ஓடும் எஞ்சினோடு அந்த வளையம் மல்லுக்கு நிற்க வேண்டும். அது ஜெயிக்காது.

இப்போது மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் வெண்ணெய் போல விழுகின்றன, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், கிளச் முழுதாகப் பிரியவில்லை. அணைத்தாலும் ஓட்டினாலும் ஒரே முரட்டுத்தனம் என்றால் கியர் ராடு, அதன் இணைப்புகளில் உள்ள புஷ், ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் பக்கம் போக வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் ஓட்டத்தில் மட்டும் கத்தினால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங்தான் முதல் சந்தேகம். இதை உறுதிசெய்ய டபுள் கிளச் அடித்துப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால், ரிங் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்துவிட்டது என்று பொருள்.

கிளச்சை இன்னும் நுணுக்கமாகச் சோதிக்க ரிவர்ஸ் கியர் உதவும். பழைய லாரிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளச்சை முழுக்க மிதித்து, ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கிளச் நன்றாக இருந்தால் அதற்குள் உள்ளே சுழல்வது நின்றிருக்கும். பொறுத்தும் கத்தினால் கிளச் இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் கியர் விழுகிறதா? அப்படியானால் பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியே கிளச்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கும், அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கிளச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் சீல் போயிருக்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். பெடல் நகர்ந்தும், கிளச்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் போதிய தூரம் நகராததற்கு அதுதான் காரணம்.

தூத்துக்குடி உப்பு ஏற்றும் வண்டிகளுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளுக்கும் ஒரு தனிக் கவனம் தேவை. ஈரத்தில் கிளச் பிளேட், எஞ்சினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிளேட் நகர வேண்டிய, ஸ்ப்ளைன் எனப்படும் தண்டின் வரிப்பள்ளங்களிலும் துரு ஏறும். பெடல் சரி, அட்ஜஸ்ட்மென்ட் சரி, ஆனாலும் பிரியவில்லை என்றால் இதை நினைவில் வையுங்கள். ஃப்ளைவீல் நடுவில், பாக்ஸுக்குள் போகும் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப்போனாலும் இதே அறிகுறிதான்.

கேபின் முன்னால் இருக்கும் லாரியில் கியர் கம்பிக்கும் பாக்ஸுக்கும் நடுவே நீண்ட ராடும் பல இணைப்புகளும் உண்டு. ஒவ்வொரு புஷ்ஷிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், கடைசியில் ஃபோர்க் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. காலி வண்டியில் விழுகிற கியர் லோடு ஏற்றியதும் விழவில்லை என்றால் எஞ்சினையும் கேபினையும் தாங்கும் மவுண்ட்டுகளைப் பாருங்கள். ஒருவரைக் கம்பியை ஆட்டச் சொல்லிவிட்டு, இன்னொருவர் கீழே படுத்து எந்த இணைப்பு வெறுமனே ஆடுகிறது என்று கவனித்தால் போதும். செலவில்லாத சோதனை.

விழுந்த கியர் தானாக வெளியே தள்ளுவது வேறு கதை. அது ஆபத்தான கதையும்கூட. கேரள எல்லை மலைப்பாதையில் ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் வண்டி கியரில் இருக்கும்வரை எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். எஸ் வளைவில் கியர் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் முழுச் சுமையும் பிரேக் டிரம்மின் மேல் விழும். பூட்டும் பற்களின் ஓரம் மழுங்கியிருக்கலாம், ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், கியரை இடத்தில் பிடித்து வைக்கும் குண்டுக்குப் பின்னாலுள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சில டிரைவர்கள் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படி மலை இறங்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஃபோர்க் ஸ்லீவோடு ஓயாமல் உரசி இன்னும் வேகமாகத் தேயும்.

ஆயில் விஷயத்திலும் கவனம் வேண்டும். கியர் ஆயில்களில் ஜிஎல்-5 என்ற தரத்து ஆயில் முக்கியமாகப் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கானது. அதிலுள்ள கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானங்கள் பித்தளை ரிங்கை மெல்ல அரிக்கக்கூடும். வண்டியின் கையேட்டில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

பாக்ஸை இறக்க முடிவெடுக்கும் முன் பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லிசாக ஒட்டியிருப்பது இயல்பு. பொன் நிறத்தில் பொடி மினுங்கினால் சிங்க்ரோ ரிங் கரைந்துகொண்டிருக்கிறது. விரலில் குத்தும் இரும்புச் சில்லு கிடந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள். பாக்ஸ் இறங்கிய பிறகு ரிங்கை உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். புதிதில் மரைபோல நுண்ணிய கோடுகள் கூர்மையாக இருக்கும். ஆயில் படலத்தைக் கிழித்துப் பிடிமானம் தருவது அந்தக் கோடுகள்தான். தேய்ந்த ரிங் வழவழவென்று பளபளக்கும். அதை மாற்றுகிற கையோடு கிளச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவற்றுக்காக மறுபடி பாக்ஸை இறக்கினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.