பிள்ளைகளுக்காகக் கட்டிய வீடுகள்

நியூ ஜெர்சியில் முதியவர்களின் வீடுகளுக்கே போய் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். நான் பார்ப்பவர்களில் பலர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள். அவர்கள் காலைப் பார்க்கும் முன்பே படிக்கட்டைப் பார்த்துவிடுவேன். நடுத்தளத்தில் கூடமும் சமையலறையும் இருக்கும். ஆறேழு படி ஏறினால் படுக்கையறை, குளியலறை. ஆறேழு படி இறங்கினால் வாஷிங் மெஷின். 1950களில் இப்படிப்பட்ட வீடுகள் இங்கே ஏராளமாக எழும்பின.

காரணம், பிள்ளைகள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியதும், 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. 1957இல் மட்டும் சுமார் 43 லட்சம். பள்ளிகளில் இடம் போதாமல் பல ஊர்களில் காலை, மதியம் என்று இரண்டு முறையாக வகுப்பு நடத்தினார்கள். வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைக்க 1944லேயே சட்டம் வந்திருந்தது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947இல் ஆரம்பித்த லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பில் சில வருடங்களிலேயே 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் வந்துவிட்டன. கறுப்பினத்தவருக்கு அங்கே இடம் தரவில்லை. சொந்த வீடு வழியாகச் சொத்துச் சேர்க்கும் வாய்ப்பை அவர்களிடமிருந்து பறித்த அந்த அநியாயம், அடுத்த தலைமுறைகளையும் பாதித்தது.

அந்தப் புறநகர்களில் பிள்ளைகள் ஓடியாடத் தோட்டம் இருந்தது. கடைக்கோ டாக்டரிடமோ போகக் கார் வேண்டும். பல தெருக்களில் நடைபாதைகூடக் கிடையாது.

1946இல் பிறந்தவர்களுக்கு 2026இல் 80 வயது. கண் மங்கி, கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகு அவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். நடை குறையக் குறையத் தொடைத் தசை வலுவிழக்கும். அப்புறம் அந்த ஆறு படியே மலையாகிவிடும். இவர்கள் பெற்ற பிள்ளைகளும் இவர்களுடைய பெற்றோர் பெற்ற அளவுக்கு இல்லை. அவர்களும் பலர் வேறு மாநிலத்தில்.

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் நம் அப்பா அம்மாவும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்கும் சேர்த்துத்தான்: படிக்கட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். குளியலறையில் சுவரோடு இறுக்கிய பிடிகம்பி கட்டாயம் வேண்டும். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. தரையில் வழுக்கும் கால்மிதி விரிப்புகளை எடுத்துவிடுங்கள். பிடிகம்பிக்கு மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பொதுவாகப் பணம் தராது, ஆனாலும் அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அடி படவில்லை என்றாலும் எங்கே, எப்போது, எப்படி விழுந்தார்கள் என்று கேட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தலைசுற்றலுக்குக் காரணமாகலாம்.