ஒரே பெயர், இரண்டு கிளாஸ்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். குளங்களின் நீர்மட்டத்தைக் கண்காணிக்க ஜாவா என்ற நிரல்மொழியில் மென்பொருள் செய்கிறார். ஜாவா மென்பொருளைத் தனித்தனித் துண்டுகளாகக் கட்டும் ஓஎஸ்ஜிஐ முறையில் அதைப் பண்டில்களாக, அதாவது அந்தத் துண்டுகளாக, பிரித்திருக்கிறார். வான்கதவை எப்போது திறப்பது என்ற விதி குளத்துக்குக் குளம் மாறும் என்பதால், அதை ஜாவாவோடு சேர்ந்து இயங்கும் குரூவி மொழியில் ஒரு ஸ்கிரிப்டாகத் தனியே வைத்திருக்கிறார். ஸ்கிரிப்டை இயக்கியபோது, முதலில் 'நீர்மட்டம்' என்ற கிளாஸே (ஒரு வகைப் பொருளை வரையறுக்கும் நிரல் பகுதி) கிடைக்கவில்லை என்று பிழை வந்ததாம். அந்தக் கிளாஸ் அடங்கிய ஜார் கோப்பை (கிளாஸ்களின் பொட்டலம்), ஸ்கிரிப்டை ஓட்டும் குரூவி இயந்திரத்தின் பண்டிலுக்குள்ளும் போட்டிருக்கிறார். இப்போது 'நீர்மட்டத்தை நீர்மட்டமாக மாற்ற முடியாது' என்கிறதாம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்.

இல்லை, இரண்டும் வேறு. ஜாவாவில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்.

நிரலை மொழிபெயர்த்தால் (கம்பைல் செய்தால்) கிளாஸ் கோப்பு வரும், அதை நினைவகத்துக்குக் கொண்டுவருவது கிளாஸ் லோடர். இவ்வளவும் தெரிந்ததே. ஆனால் ஏற்றிய பிறகு ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல; எந்த லோடர் அதை உருவாக்கியது என்பதும் சேர்ந்ததுதான். ஏ9 வீதியில் புளியங்குளம் இருக்கிறது, அதே பெயரில் வேறு ஊர்களும் இருக்கின்றன; மாவட்டத்தையும் எழுதினால்தான் கடிதம் சரியான ஊருக்குப் போகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிளாஸைக் கேட்கிற லோடர் ஒன்றாகவும், அதை உருவாக்குகிற லோடர் வேறொன்றாகவும் இருக்கலாம். நான் உங்களிடம் கேட்டு, நீங்கள் இன்னொருவரிடம் கேட்டு, அவர் பைட்டுகளை வாசித்து 'டிஃபைன்கிளாஸ்' என்ற செயற்கூறை அழைத்தால், கிளாஸ் அவருடையது. நடுவில் எத்தனை பேர் கைமாற்றினாலும் உரிமை மாறாது. 1997இல் கணினி ஆய்வாளர் விஜய் சரஸ்வத் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையைக் காட்டினார்: இரண்டு லோடர்கள் ஒரே பெயருக்கு வெவ்வேறு கிளாஸ்களைக் கொடுத்து ஜாவாவின் வகைப் பாதுகாப்பையே, அதாவது ஒரு வகைப் பொருளை வேறு வகையாகக் கையாள விடாத காவலையே, உடைக்க முடிந்தது. ஷெங் லியாங்கும் கிலாட் பிராக்காவும் 1998இல் அதை அடைக்கும் வழியை விளக்கினார்கள். பொதுவில் புழங்கும் பெயர்களுக்கு இரு லோடர்களும் ஒரே கிளாஸைத்தான் தரவேண்டும் என்று, ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம் குறித்துவைத்துச் சரிபார்க்கும். எவ்வளவு அழகான தீர்வு! இறுதியாண்டுத் திட்டங்களில் இப்படியான அடித்தள வேலைக்கும் இடமும் காசும் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஜாவாவின் திறந்த வடிவமான ஓப்பன்ஜேடிகேயின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது.

சரி, வாசகியின் சிக்கலுக்கு வருவோம். ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி லோடர். குரூவி இயந்திரத்தின் பண்டில், தான் இம்போர்ட் செய்ததையும் (பிற பண்டில்களிடமிருந்து பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியதையும்) தன்னிடம் உள்ளதையும் மட்டுமே பார்க்கும். அதனால்தான் முதல் பிழை. ஜாரை உள்ளே போட்டதும் இரண்டாவது 'நீர்மட்டம்' பிறந்துவிட்டது. ஸ்கிரிப்ட் அதில் ஒரு பொருளைச் செய்து தர, மென்பொருள் தன்னுடைய 'நீர்மட்டம்' அல்ல என்று மறுக்கிறது.

அந்த ஜாரை எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டை இயக்கித்தரும் குரூவிஷெல் என்ற கிளாஸின் பொருளை உருவாக்கும்போது அதற்கு ஒரு தாய் லோடரைக் கொடுக்கலாம். அந்த லோடர் முதலில் உங்கள் 'நீர்மட்டம்' இருக்கும் குளப் பண்டிலிடம் கேட்கட்டும், இல்லையென்றால் இயந்திரத்தின் பண்டிலிடம் கேட்கட்டும். தானாக எதையும் உருவாக்கக்கூடாது, கேட்டுக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. எல்லாப் பொதிகளையும் (கிளாஸ்களின் தொகுப்புகளையும்) நட்சத்திரக் குறி போட்டு டைனமிக் இம்போர்ட் செய்யச் சொல்லும், அதாவது எது தேவைப்பட்டாலும் ஓடும்போதே எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளச் சொல்லும், ஆலோசனையும் உங்கள் காதுக்கு வரும். அதைச் செய்யாதீர்கள். பிழை மறையும், ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஜாவா 6உடன் 2006இல் வந்த பொதுவான ஸ்கிரிப்ட் இடைமுகத்தைப் பயன்படுத்தினால், அது குரூவி போன்ற ஸ்கிரிப்ட் இயந்திரங்களைத் தேடுவது, அழைக்கும் இழையோடு (நிரலின் ஓர் ஓட்டத்தோடு) இணைத்து வைத்திருக்கும் சூழல் லோடர் வழியாக. அழைக்கும் முன் அதை மாற்றி, முடிந்ததும், பிழை வந்தாலும் தவறாமல் ஓடும் 'ஃபைனலி' பகுதியில் பழையதைத் திருப்பி வையுங்கள்.

அப்புறம் நினைவகம். ஸ்கிரிப்டை ஒவ்வொரு தடவையும் உரையாகக் கொடுத்து இயக்கினால் குரூவி ஒவ்வொரு தடவையும் புதுக் கிளாஸ் செய்யும். ஒருமுறை மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விதி மாறும்போது மட்டும் புது லோடரில் ஏற்றி, பழையதைக் கைவிடுங்கள். ஒரு கிளாஸ் நீங்கவேண்டுமானால் அதன் லோடரை யாரும் பிடித்திருக்கக்கூடாது. ஸ்கிரிப்டில் வரையறுத்த கிளாஸின் ஒரே ஒரு பொருள் எங்காவது ஸ்டாட்டிக் பட்டியலில் (மென்பொருள் ஓடும்வரை நிலைத்திருக்கும் பட்டியலில்) கிடந்தாலும், அது தன் கிளாஸைப் பிடிக்கும், அந்தக் கிளாஸ் தன் லோடரைப் பிடிக்கும், லோடர் மற்ற எல்லாவற்றையும் பிடிக்கும். ஆகவே ஸ்கிரிப்டிலிருந்து வரும் விடையை எண்ணாகவோ உங்கள் குளப் பண்டிலின் கிளாஸாகவோ மாற்றிய பிறகே சேமியுங்கள்.