ஆஸ்திரேலியா ஆண்டுதோறும் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பணம் கட்டியது எதற்காக? 1887 ஒப்பந்தம்

1891 செப்டம்பரில் சிட்னி துறைமுகத்துக்குப் புதிய போர்க்கப்பல் அணி ஒன்று வந்து சேர்ந்தது. கட்டூம்பா, மில்டுரா, வாலரூ, ரிங்கரூமா, டௌரங்கா, பூமராங், கரக்கட்டா என்று ஏழு கப்பல்கள். எல்லாம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மண்ணின் பெயர்கள். பிரிட்டனில் கட்டத் தொடங்கியபோது வைத்த பெயர்கள் வேறு. இந்த அணிக்காகவே மாற்றினார்கள். பெயரைத் தவிர வேறு எது அந்தக் காலனிகளுக்குச் சொந்தமாயிற்று என்று கேட்டால், இந்த ஒப்பந்தம் முழுதும் விளங்கிவிடும்.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். 1880களில் ஆஸ்திரேலியா ஒரே நாடு அல்ல. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து என்று ஆறு தனித்தனிக் காலனிகள், அப்பால் நியூசிலாந்து. 1884இல் நியூ கினித் தீவின் வடகிழக்குப் பகுதியை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே ஆப்கான் எல்லைத் தகராறில் ரஷ்யாவோடு போர் மூளுமோ என்ற பயம் வந்தது. கம்பளியும் தங்கமும் ஏற்றிப் போகும் கப்பல்களுக்கு யார் காவல்? 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி காலனிகள் சொந்தமாகப் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளலாம். விக்டோரியாவிடம் செர்பரஸ் என்ற இரும்புக்கவசக் கப்பல்கூட இருந்தது. ஆனால் அது துறைமுக வாயிலைக் காக்கத்தான் உதவும். நடுக்கடலில் வணிகக் கப்பல்களுக்குத் துணை போகாது.

சிட்னியிலிருந்த பிரிட்டிஷ் தளபதி ஜார்ஜ் டிரையன் காலனிகளின் தலைவர்களோடு பேச்சைத் தொடங்கினார். 1887இல் லண்டனில் கூடிய காலனிகள் மாநாட்டில் விஷயம் முடிவானது.

ஒப்பந்தம் இதுதான். ஐந்து வேகக் குரூசர்களையும் (நடுக்கடலில் ரோந்து போகும் போர்க்கப்பல்கள்) இரண்டு டார்பிடோ பீரங்கிப் படகுகளையும் பிரிட்டன் கட்டி அனுப்பும். காலனிகள் சேர்ந்து ஆண்டுக்கு 1,26,000 பவுண்டு வரை கட்டும். மக்கள்தொகைப்படி ஆளுக்கொரு பங்கு. இதில் 91,000 பவுண்டு பராமரிப்புக்கு. மீதி 35,000 பவுண்டு, கப்பல் கட்டிய செலவுக்கு 5 சதவீத வட்டி. ஆம், வட்டி! அசல் அடையவே அடையாது. பத்து ஆண்டு கட்டி முடித்தாலும் கப்பல் பிரிட்டனுக்கே சொந்தம். வாடகை வீடு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஏழில் நான்கு கப்பல்கள் மட்டும் எப்போதும் ஆளோடு ஓடும். மற்ற மூன்றும் துறைமுகத்தில் இருப்பாக நிற்கும்.

பதிலுக்குக் காலனிகள் இரண்டு உறுதிகளைக் கேட்டு வாங்கின. புது அணி வந்துவிட்டது என்று சொல்லி, ஏற்கெனவே அங்கே பிரிட்டன் தன் செலவில் வைத்திருந்த கப்பல்களைக் குறைக்கக் கூடாது. அப்புறம், இந்த ஏழு கப்பல்களையும் காலனி அரசுகளின் சம்மதம் இல்லாமல் ஆஸ்திரேலியக் கடற்பகுதியை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. தளபதி, மாலுமி, கொடி எல்லாமே பிரிட்டனுடையவை என்ற நிலையில், அவர்கள் கையிலிருந்த ஒரே பிடி இந்த இரண்டாவது உறுதிதான். என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தின் உயிரே அதில்தான் இருந்தது. குயின்ஸ்லாந்தில் பலர் இதைக் கப்பம் என்றே எதிர்த்தார்கள். அந்தக் காலனி ஒப்புதல் தர 1891 வரை ஆனது.

ஆனால் லண்டன் அந்த உறுதியை ஒருபோதும் விரும்பவில்லை. கடல் ஒன்றுதான், அதைக் காக்கும் படையும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எதிரி எங்கே இருக்கிறானோ அங்கே போய் அடிக்க வேண்டும் என்பது கடற்படைத் தலைமையின் வாதம். போர்முறையாகப் பார்த்தால் நியாயமான வாதம்தான். 1902 மாநாட்டில் காலனிகள் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் கணக்கை எடுத்து வைத்தார்: ராணுவத்துக்கும் கடற்படைக்குமாகப் பிரிட்டனில் தலைக்கு ஆண்டுக்கு 29 ஷில்லிங் 3 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) செலவாகிறது, நியூ சவுத் வேல்ஸில் 3 ஷில்லிங் 5 பென்ஸ், கனடாவில் வெறும் 2 ஷில்லிங்.

அதன்படி புதுத் தொகைகள் முடிவாயின. ஆஸ்திரேலியா (1901இல் காலனிகள் சேர்ந்து ஒரே நாடாகிவிட்டன) 2,00,000 பவுண்டு, நியூசிலாந்து 40,000, தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி 50,000, நேட்டால் 35,000, கனடாவுக்குப் பக்கத்துக் காலனி நியூஃபவுண்ட்லாந்து 3,000. கனடா ஒரு காசும் தர ஒப்பவில்லை. தொகை ஏறியது, பிடி போனது: இனிக் கப்பல்கள் சீனக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் போகலாம், கேட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. ஈடாக, ஆஸ்திரேலியர்களுக்குக் கப்பலில் பயிற்சியும் வேலையும் தருவதாகச் சொன்னார்கள். 1903இல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டன் இதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார். ஆனால் மனக்குறை தீரவில்லை.

இந்தியாவும் கட்டியது. இந்தியக் கருவூலத்திலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு போனது. இங்கே பேரம் பேச மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் இல்லை. அதனால் குயின்ஸ்லாந்து போல இழுத்தடிக்கவும் வழியில்லை. மலாயாவில் இன்னும் ஒரு படி மேல். 1912இல் மலாய்க் கூட்டாட்சி மாநிலங்கள் ஒரு முழுப் போர்க்கப்பலின் செலவையே ஏற்றுக்கொண்டன. கப்பலின் பெயரும் மலாயா. ஈயமும் ரப்பரும் தந்த வருவாய் அது. அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது. நாம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியா வேறு வழி எடுத்தது. ஜெர்மனி வேகமாகக் கப்பல் கட்டுகிறது என்ற அச்சம் பரவிய 1909இல், சொந்த அணி கட்டிக்கொள்ளும் யோசனையை லண்டனே முன்வைத்தது. 1911இல் ராயல் ஆஸ்திரேலியக் கடற்படை என்ற பெயர் கிடைத்தது. 1913 அக்டோபர் 4 அன்று அதன் சொந்தக் கப்பல்கள் சிட்னிக்குள் நுழைந்தன. அவற்றில் ஒன்று சிட்னி என்ற குரூசர். 1914இல் போர் தொடங்கியதும் இந்த அணியும் லண்டனின் கட்டளைக்குக் கீழ் வைக்கப்பட்டது. சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப்பும் பிரிட்டிஷ் அதிகாரிதான். ஆனால் கப்பல் ஆஸ்திரேலியாவுடையது.

அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. தடுக்க ஒரு கப்பலும் அங்கே இல்லை. ஊரை விட்டு ஓடியவர்கள் ஏராளம்; கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்பது அன்றிலிருந்து நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்கு அருகே அந்த எம்டனை அடித்து முடித்தது சிட்னி. இந்தியாவின் 1,00,000 பவுண்டு மட்டும் 1938 வரை போய்க்கொண்டே இருந்தது. இந்தியா தன் செலவில் சொந்தக் காவல் கப்பல்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதைத் தள்ளுபடி செய்தார்கள்.