கால் நடக்கும்போதே காட்ட வேண்டிய முதுகுவலி

முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் முதுகுவலி இருக்கிறதா என்று கேட்பதே வீண். தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருந்தால் இடுப்பு பிடிக்கத்தான் செய்யும். நாற்று நடுகிறவர்களுக்கும் வலி, கொத்தனாருக்கும் வலி. இவற்றில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பும் தேய்மானமும்தான், புற்றுநோய்க்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்கேன் சென்டர் வாசலில் போய் நிற்க வேண்டாம்.

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இருந்துகொண்டு நான் கவலைப்படுவது வேறு சிலரைப் பற்றி. நாலைந்து வருடத்துக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ‘கரண்ட்’ என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு எல்லாம் முடித்து வீட்டுக்குப் போன பெண்கள். சிறுநீர் சரியாகப் போகாமல், ராத்திரியில் பலமுறை எழுந்துகொண்டு, சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கலாம் என்று யோசிக்காமல், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிட்ட பெரியவர்கள். இவர்களுக்குப் புதிதாக ஒரு முதுகுவலி வந்தாலும் வீட்டில் அதே தைலம், அதே ஒத்தடம்தான். விலாவைச் சுற்றிப் பட்டை கட்டியது போல வலித்தால் மூச்சுப்பிடிப்பு. தொடையில் வலித்தால் வாய்வு.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் வரும் வலியின் குணம் வேறு. உழைத்த வலி படுத்தால் குறையும். எலும்புக்குப் பரவிய நோயின் வலி படுத்தாலும் விடாது, பலருக்கு ராத்திரியில்தான் கூடும். இருமினால், தும்மினால் சுரீர் என்கும். முதுகெலும்பில் ஓர் இடத்தை விரலால் தட்டினால் அங்கேயே நோகும். முக்கியமாக, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு இப்படி ஒரு வலி இரண்டு வாரம் நீடித்தால், அது வேறென்று நிரூபிக்கப்படும் வரை எலும்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் சமாதானமாகிவிடவும் கூடாது. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே அதைக் காட்டும். முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ, உடம்பு முழுக்கப் பார்க்க எலும்பு ஸ்கேன் அல்லது பெட் சிடி. எது தேவை என்பது முதலில் எங்கே நோய் இருந்தது என்பதைப் பொறுத்தது.

மார்பகம், ஆண்களின் புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்து இடத்துப் புற்றுநோய்கள்தான் அதிகமாக எலும்பைத் தேடிப் போகின்றன. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி என்று அவை தங்கும் இடங்களும் ஏறக்குறைய தெரிந்தவையே. நம் எலும்பு ஒரு பக்கம் இடித்துக்கொண்டும் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருக்கிற வீடு. இடிக்கும் செல்கள் தனி, கட்டும் செல்கள் தனி, இரண்டும் ஓர் அளவில் நடக்கும். புற்றுநோய் செல் அங்கே போய் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. எலும்பு கரையும்போது உள்ளே பொதிந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும், அவற்றைத் தின்று புற்றுநோய் இன்னும் வளரும், வளர்ந்ததும் மறுபடி எலும்பைக் கரைக்கும். புராஸ்டேட் புற்றுநோயில் பெரும்பாலும் தலைகீழ்: கட்டும் வேலை தாறுமாறாக நடந்து, எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அதற்கு பலம் கிடையாது.

மார்பகத்திலிருந்து எலும்புக்குப் போன நோய் இன்னமும் மார்பகப் புற்றுநோய்தான், அது எலும்பில் தோன்றிய புற்றுநோய் அல்ல. ஆகவே மருந்தும் மார்பகத்துக்கான மருந்தே. ஹார்மோனுக்கு அடங்கும் வகை என்றால் லெட்ரோசோல், அதோடு பால்போசைக்ளிப் அல்லது ரிபோசைக்ளிப் போன்ற மாத்திரைகள். புராஸ்டேட் என்றால் ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி, அல்லது விதைகளை எடுக்கும் சின்ன ஆபரேஷன், கூடவே அபிராடிரோன் போன்ற மாத்திரை. நுரையீரலில் மரபணுப் பரிசோதனை பார்த்து மாத்திரை தரும் காலம் வந்துவிட்டது. தைராய்டில் சிலருக்குக் கதிரியக்க அயோடின். எலும்புக்குப் போன பிறகு முழுக்கக் குணமாவது அபூர்வம், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மார்பகமும் புராஸ்டேட்டும் எலும்பில் மட்டும் பரவிய நிலையில் ஆண்டுக்கணக்காக வேலைவெட்டி பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் எங்கள் ஓபியில் சாதாரணம். ‘எலும்புக்குப் போயிட்டா, இனி வீட்ல வச்சுப் பாத்துக்குவோம்’ என்று கூட்டிப்போய்விடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இதில் ஒன்றை மட்டும் நாள்கணக்கில் தள்ளிப்போடாமல் சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்: தண்டுவடம் அழுத்தப்படுவது.

சேரன்மகாதேவி பக்கத்துப் பெரியவர் ஒருவரை அவர் மகன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் மருமகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டிவந்தார். ஒரு மாதமாக முதுகுவலி, இரண்டு தடவை எண்ணெய் போட்டு உருவியாயிற்று. எதற்காக இன்று வந்தீர்கள் என்றேன். “செருப்பு காலுல நிக்க மாட்டேங்கு சார். கழண்டு விழுந்ததே அப்பாவுக்குத் தெரியல” என்றார் மகன். வேறெதையும் கேட்பதற்கு முன் கட்டிலில் படுக்கவைத்தோம். காலைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், ஆனால் நான் லேசாக அழுத்தியதும் இறங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே ஊசி முனை மழுங்கலாகத்தான் தெரிந்தது. எம்ஆர்ஐயில், நெஞ்சுப் பகுதி முள்ளெலும்பு ஒன்று நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் ஊசி. புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ எக்கச்சக்கமாக இருந்தது. ஆபரேஷன் தேவையா என்று முதுகெலும்பு சர்ஜனோடு பேசி, கதிர்வீச்சையே தொடங்கினோம். ஹார்மோன் சிகிச்சையும் சேர்ந்தது. பிறகு வாக்கர் பிடித்துக்கொண்டு ஓபிக்கு நடந்தே வந்தார். அவர் நடந்ததற்குப் பெரிய காரணம் எங்கள் சிகிச்சை அல்ல, வரும்போது காலில் பலம் மிச்சம் இருந்தது. சிகிச்சை தொடங்கும்போது நடக்கிறவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் முழுக்க விழுந்து இரண்டு நாள் தாண்டி வருகிறவரை எழுப்பி நடக்கவைப்பது மிகவும் சிரமம்.

ஆகவே கால் தடுமாறுவது, மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் போவது தெரியாமல் போவது — இதில் ஏதாவது வந்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுப் படுத்த நிலையிலேயே கொண்டுவர வேண்டும். உருவிவிடவே கூடாது, நொறுங்கும் நிலையிலுள்ள முள்ளெலும்பை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தொடை எலும்பின் கதையும் ஏறத்தாழ இதுதான். அடி எடுத்துவைக்கும்போது வலிக்கிற தொடை, ஒருநாள் படியிறங்கும்போது முறியும். முறிவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்துவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து நிற்கலாம். மிரல்ஸ் என்ற மதிப்பெண் முறை உண்டு. வலி, இடம், அளவு, தோற்றம் பார்த்து 12-க்குப் போடுவோம், 9 அல்லது அதற்கு மேல் என்றால் கம்பி வைப்பதே நல்லது. பிறகு அந்த இடத்துக்குக் கதிர்வீச்சும் வேண்டும்.

‘கரண்ட் வைக்கிறது’ என்றால் சுடும், ஷாக் அடிக்கும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. படுத்திருப்பீர்கள், மெஷின் சுற்றும், சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்றும் தெரியாது. உடம்பில் கதிர் எதுவும் தங்காது, வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். (எலும்பு ஸ்கேனுக்குக் கதிரியக்க ஊசி போட்ட அன்று மட்டும் சில மணி நேரம் சின்னப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருங்கள்.) தோலில் போட்ட மை அடையாளத்தை எண்ணெய் தேய்த்து அழித்துவிடாதீர்கள். எத்தனை முறை வைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. வெறும் வலிக்கு என்றால் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) ஒரே முறை கொடுத்தாலும், 10 நாளில் 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஒரே மாதிரிதான். ஒரே முறை வாங்கியவர்களில் சற்று அதிகம் பேருக்குப் பின்னால் மறுபடி தேவைப்படும், கொடுக்கவும் முடியும். பாபநாசம் மலையடியிலிருந்து நோகிற இடுப்போடு பஸ்ஸில் பத்து நாள் வந்து போகச் சொல்வதை நான் விரும்புவதில்லை. தண்டுவட அழுத்தம், கம்பி வைத்த எலும்பு என்றால் கணக்கு வேறு. முதல் ஓரிரு நாள் சிலருக்கு வலி கூடும். குறையத் தொடங்க ஒன்றிரண்டு வாரம், முழுப் பலன் தெரிய ஒரு மாதம்கூட ஆகும். மூன்றாம் நாளே ‘கரண்ட் வச்சும் கேக்கல’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம், எலும்பைக் காக்கும் ஊசிகள். ஸோலெட்ரானிக் ஆசிட் 4 மில்லிகிராம், 15 நிமிடம் டிரிப்பில் ஏறும், 4 வாரத்துக்கு ஒருமுறை, பலருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறையே போதும். முதல் ஊசிக்குக் காய்ச்சல், உடம்புவலி வரலாம், பயமில்லை. டெனோசுமாப் என்றால் தோலுக்கடியில் 120 மில்லிகிராம், 4 வாரத்துக்கு ஒருமுறை. இவை தொடங்குவதற்கு முன் பல்லைக் காட்டியே ஆக வேண்டும். வெற்றிலையும் புகையிலையும் போட்டு ஆடுகிற பல்லோடு வருகிறவர்கள் இங்கே நிறைய. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் அபாயம் உண்டு. முதலில் பிடுங்கி, புண் ஆறியபின் ஊசி. சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தால், இந்த ஊசியைப் போடவே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டுக்கால் சூப் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ருசிக்குக் குடியுங்கள், எலும்பில் விழுந்த ஓட்டையை அது அடைக்காது.

கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறுவது இன்னோர் ஆபத்து. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், தூங்கி வழிவது, பேச்சுக் குழறல். சித்திரை வெயிலில் தாகம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும், டிரிப்பும் ஊசியும் போட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் ‘கடைசி மருந்தா சார்’ என்பார்கள். இல்லை. சின்ன அளவில் தொடங்கி, வலிக்கேற்ப ஏற்றி, கதிர்வீச்சு வேலை செய்யத் தொடங்கியதும் குறைக்கலாம். மலமிளக்கியும் சேர்த்தே எழுதித் தருவோம், அதை விட்டுவிடாதீர்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும்.

நோயாளியிடம் நோயை மறைப்பதும் இங்கே தாமதத்துக்கு ஒரு காரணம். துபாயிலிருந்து மகன் போனில், “அம்மாட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க” என்பார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மார்பில் ஒரு கட்டி எடுத்தார்கள் என்பதுதான். கால் மரத்தால் அவர் எப்படி அதை இதோடு சேர்த்துப் பார்ப்பார்? முழுவதும் சொல்ல மனம் வராவிட்டால் போகட்டும், எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையாவது அவரிடம் சொல்லுங்கள்.

வரும்போது காப்பீட்டு அட்டையோடு பழைய பைலையும் எடுத்துவாருங்கள், முக்கியமாக, கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்த முதல் பயாப்ஸி ரிப்போர்ட். நோய் எந்த வகை என்பது அதில்தான் இருக்கும். அது இருந்தும் சிலருக்கு எலும்பிலிருந்து மறுபடி ஊசி குத்தி எடுப்போம். பரவும்போது மார்பகப் புற்றுநோயின் ஹார்மோன் குணம் சில சமயம் மாறிவிடும், மாறியிருந்தால் மருந்தையும் மாற்ற வேண்டும்.