குளிசை பழக்கமாகிவிடுமா?

திருகோணமலையில் மனநலக் கிளினிக்குக்கு வருகின்ற குடும்பங்களில் பெரும்பாலானவை, நோயின் பெயரைக் கேட்பதற்கு முன்னரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகின்றன: “டொக்டர், இந்தக் குளிசை பழக்கமாகிப் போகுமா?” இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளிக் கரையோரத்திலும் ஐஸ், தூள் (ஹெரோயின்) என்ற போதைப்பொருட்கள் பிள்ளைகளை என்ன செய்திருக்கின்றன என்பதைக் கண்ட பெற்றோருக்கு, மூளையில் வேலை செய்கின்ற எந்த மருந்தின் மீதும் அச்சம் வருவது இயல்பு. ஆனால் எல்லாக் குளிசைகளுக்கும் சேர்த்து “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரே பதிலைச் சொல்ல முடியாது. எந்த மருந்து, மூளையில் எதைச் செய்கிறது என்று தனித்தனியே பார்த்தே பதில் சொல்ல வேண்டும்.

ஐஸ் பாவித்து, அயலவர்கள் தன்னைக் கொல்லத் திட்டமிடுவதாகச் சுவருக்குப் பின்னால் குரல்கள் கேட்கின்றன என்று இரவிரவாக விழித்திருந்த ஓர் இளைஞரை அவருடைய தாயார் அழைத்து வந்திருந்தார். குரல்களை அடக்கும் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை எழுதியபோது அந்தத் தாய் என் கையிலிருந்த பேனையைப் பார்த்தபடியே, “ஒண்ட விடுறத்துக்கே இவ்வளவு பாடு, இன்னொண்டப் பழக்கிப் போடாதீங்க டொக்டர்” என்றார். அவருக்கு நான் விளக்கியதையே இங்கும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மூளையின் நரம்புக்கலங்கள் தமக்கிடையே செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களுள் ஒன்று டோபமைன். அது ஒரு நரம்புக்கடத்தி என்பதை 1950களின் பிற்பகுதியில் காட்டிய சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பசித்தவருக்குச் சோறு கிடைக்கும்போதும், எதிர்பாராமல் வலை நிறைய மீன் படும்போதும் இந்த டோபமைன் அளவோடு சுரந்து, “இதை நினைவில் வை, மறுபடியும் தேடு” என்று மூளைக்குக் கற்பிக்கிறது. சுரந்தது உடனே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைன் நரம்புக்கலத்துக்குள் புகுந்து, சேமிப்பிலிருந்த டோபமைனை வெளியே தள்ளுவதோடு, அதைத் திரும்ப உறிஞ்சும் பாதையையும் எதிர்த்திசையில் ஓடச் செய்கிறது. ஹெரோயின் மூளைக்குள் மோர்பினாக மாறி, டோபமைன் கலங்களை அடக்கி வைத்திருக்கும் கலங்களைத் தளர்த்திவிடுகிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டையும் அது மந்தமாக்குவதாலேயே அளவு மிஞ்சியவர்கள் இறக்கிறார்கள். பாதை வேறானாலும் முடிவு ஒன்றுதான்: இயற்கையான எந்த மகிழ்ச்சியும் தர முடியாத டோபமைன் வெள்ளம், அதுவும் புகைத்த அல்லது ஊசியேற்றிய சில விநாடிகளிலேயே. அந்த வேகமே ஆசையை ஆழமாகப் பதிக்கிறது. வெள்ளம் தொடரத் தொடர மூளை டோபமைனை வாங்கும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. முதலில் போதுமாயிருந்த அளவு போதாமற்போகிறது, பிள்ளையின் சிரிப்பும் நல்ல சாப்பாடும் சுவையற்றுப் போகின்றன. விட்ட பின்னரும் இந்த வெறுமை மாதக்கணக்கில், சிலரில் ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருந்தால், “விட்டுட்டான்தானே, பிறகேன் சோம்பிக் கிடக்கிறான்” என்று அவரைக் குத்திக் காட்ட மாட்டார்கள்.

அந்த இளைஞருக்குக் குரல்கள் கேட்டதற்கும் அதே டோபமைன்தான் காரணம். நான் எழுதிய ரிஸ்பெரிடோன் டோபமைனைப் பெருக்குவதில்லை. டோபமைன் வந்து சேரும் ஏற்பிகளின் மீது இந்த மருந்து அமர்ந்து அதன் செயலைத் தடுக்கிறது. 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்ட காலந்தொட்டு இந்த வகை மருந்துகளின் அடிப்படை இதுவே. இவற்றில் உற்சாகம் எதுவும் கிடைக்காது. ஆகவே இவற்றுக்காக எவரும் ஏங்கித் திரிவதில்லை. உண்மையில் எங்களுக்குள்ள சிக்கல் நேர்மாறானது, நோயாளர்கள் இவற்றை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கும் நியாயம் உண்டு. ஏற்பிகளில் ஏறத்தாழ 80 வீதத்துக்கு மேல் தடைபட்டால் கைகால் இறுக்கம், நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு என்பன வரும். ஒலான்சபின் போன்றவற்றில் உடல் எடை கூடும். “மரக்கட்டை மாதிரி இருக்கிறான்” என்று வீட்டார் சொன்னால் அளவைக் குறைப்பதற்கோ மருந்தை மாற்றுவதற்கோ இடமுண்டு. சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

மனச்சோர்வுக்குத் தரப்படும் புளூஒக்ஸெற்றின் போன்றவை செரொட்டோனின் என்ற இன்னொரு மூளை இரசாயனம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. முதல் குளிசையிலேயே அந்தத் தடை ஏற்பட்டாலும், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு மனம் தெளிவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். இவ்வளவு மெதுவாக வேலை செய்யும் மருந்து போதையாவதில்லை. இவ்வகை மருந்துகளில் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அது உடல் பழகியதன் அடையாளமே தவிர, மருந்துக்கான வேட்கையன்று.

மனநிலையின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் லித்தியமும் பழக்கமாவதில்லை. ஆனால் நம்முடைய வெயிலில் தோணியிலும் வயலிலும் நாள் முழுவதும் வியர்ப்பவர்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, நோவுக்கென்று டைக்குளோபினாக் வாங்கிப் போட்டாலோ, இரத்தத்தில் அதன் அளவு நச்சாகும் மட்டத்துக்கு உயர்ந்துவிடும். வாந்தி, வயிற்றோட்டம், கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

பெற்றோரின் அச்சம் முற்றிலும் சரியாகும் இடமொன்றும் உண்டு. டயஸெபாம், குளோனசெபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் கடத்தியின் வலுவைக் கூட்டுகின்றன. சாராயமும் பெரும்பாலும் இதே வழியிலேயே வேலை செய்கிறது. தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தாலே இவை பழக்கமாகத் தொடங்கும். மனநோய்க்கான மருந்தைப் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி அலுமாரியில் வைத்துவிட்டு, நித்திரை வரவில்லையென்று பழைய துண்டைக் காட்டியோ பக்கத்து வீட்டில் கேட்டோ டயஸெபாம் வாங்கிப் போடும் வீடுகளைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கும். நரம்பு நோவுக்குத் தரப்படும் பிரிகபலினும் இளைஞர்களிடையே போதைக்காகக் கைமாறுகிறது. அதைத் தூளோடோ சாராயத்தோடோ சேர்த்தால் மூச்சு அடங்கிவிடும்.

நாள்தோறும் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் செய்து அறைக்குள் வைத்துப் பூட்டுவதும் இந்த இடத்திலேயே தவறாகிறது. காபாவின் துணை திடீரென விலக, அடக்கப்பட்டிருந்த மூளை கட்டுமீறி இயங்கும்: முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; அதையடுத்த நாட்களில் குழப்பமும், இல்லாத பூச்சிகளும் மனிதரும் தெரிவதும், காய்ச்சலும் உயிருக்கே ஆபத்தும் வரலாம். அதைப் பேய் என்று எண்ணிக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ கொண்டு செல்வதற்கு முன் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். அங்கே தயமின் விற்றமினோடு, பழக்கமாகும் என்று நான் மேலே எச்சரித்த அதே வகைக் குளிசையை ஒரு சில நாட்களுக்குக் கணக்கிட்டுக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவோம்.

வருடக்கணக்கில் டயஸெபாம் எடுக்கும் வயதானவர்களும் அதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியோடு, வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், பார்மசியில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எதைத் தொடர்வது, எதைக் குறைப்பது என்று ஒவ்வோர் உறையாகப் பார்த்துச் சொல்லலாம். குறைக்க வேண்டியதைச் சிறிது சிறிதாக, நித்திரை கலைந்தால் ஒரு படி பொறுத்து, மாதக்கணக்கில் குறைப்போம். வர முடியாத இரவில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.